தூக்கில் போட்டதாகச் சொன்னார்கள்

பழைய செய்தித்தாள்களைப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றும் வேலையில் நீங்கள் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அதற்குள் உங்களைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மலேசியாவிலிருந்து ஒருவர், மொரீஷியசிலிருந்து ஒரு குடும்பம். எல்லோருக்கும் ஒரே கேள்வி: எங்கள் தாத்தாவின் பெயர் எதிலாவது வந்திருக்கிறதா? இனி இந்தக் கூட்டம் குறையாது. உங்கள் கருவிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அப்படித் தேடி வருகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மதுரைக்காரி. நூலகப் படிப்பு முடித்த கையோடு கல்யாணம் ஆகி, பொறியாளரான கணவருடன் பிஜித் தீவுக்குப் போனேன். அவருக்குத் தண்ணீர் வழங்கும் துறையில் வேலை. எனக்குத் தலைநகரான சுவாவில், ஒரு நாளிதழ் அலுவலகத்தின் பழைய இதழ் அறையில் வேலை கிடைத்தது. ஆண்டுவாரியாகத் தைத்து அட்டை போட்ட தொகுதிகள் சுவர் முழுக்க நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தையைவிடக் கனம்.

அந்த அறையை எனக்கு முன்னால் ஆண்டவர் ஒரு அம்மாள். தாய் பிஜியர், தகப்பன் ஐரோப்பியர். அதிகம் பேசமாட்டார். சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கு ஒன்றே ஒன்று சொன்னார். "எதையும் கொடுப்பதற்கு முன்னால் முழுவதையும் நீ படித்துவிடு. கொடுத்த பிறகு அவர்கள் முகத்தைப் பார்க்காதே. ஜன்னலைப் பார்."

முதல் பாதியின் அருமை எனக்குச் சீக்கிரமே தெரிந்தது. தன் தாத்தா கிருஷ்ணசாமியைத் தேடி வந்த ஒருவருக்கு, விவசாயக் கண்காட்சியில் காளைக்குப் பரிசு வாங்கிய கிருஷ்ணசாமியைப் பற்றிய செய்தியை, பெயரை மட்டும் பார்த்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "இது எங்க ஆளு இல்லம்மா. எங்க தாத்தா மாட்டப் பாத்தாலே மரத்துல ஏறிடுவாரு" என்றார். பிஜியில் கிருஷ்ணசாமிகளும் பொன்னுசாமிகளும் ஏராளம். ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் அந்தப் பெயர்களைக் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதினார்கள். ஒரே பெயர் என்பதால் ஒரே ஆள் என்று ஆகிவிடாது.

அந்த ஜன்னல் விஷயம் புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

1987இல் பிஜியில் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது, ஒரே ஆண்டில் இரண்டு முறை. இந்தியர்களின் ஆதரவோடு வந்த அரசு என்பதுதான் அதன் மேல் கோபம். முதல் கவிழ்ப்பு நடந்ததுமே டாக்டர்கள், வாத்தியார்கள், கணக்கர்கள் என்று வெளிநாட்டுத் தூதரகங்களின் வாசலில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் அம்மாளையும் அவருடைய மகன் ஆக்லாந்துக்கு அழைத்துக்கொண்டார். சாவியை என் கையில் கொடுத்தபோது, சந்தேகம் வந்தால் இனி யாரைக் கேட்பது என்றேன். "எதிரே உட்கார்ந்திருப்பவரைக் கேள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதுவரை எங்கள் அறைக்குக் கால்பந்து முடிவுகளையும் பழைய கல்யாணப் படங்களையும் கேட்டுத்தான் ஆட்கள் வருவார்கள். அந்த ஆண்டு வந்தவர்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போகிறவர்கள். போவதற்கு முன்னால், தாங்கள் இங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்கள்.

அப்படி வந்தவள்தான் சரஸ்வதி. லவுட்டோகா நகரத்தை ஒட்டியுள்ள நடபுவாவில் பள்ளிக்கூட ஆசிரியை. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தீவின் அந்தக் கோடியிலிருந்து பஸ் பிடித்து, வழியெல்லாம் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வந்திருந்தாள். நான் தமிழ்ப்பெண் என்று தெரிந்ததும், நாடி என்ற ஊரின் கோயில் வகுப்பில் படித்த தமிழிலேயே பேச ஆரம்பித்தாள்.

"யக்கா, எங்க ஆஜாவ தூக்குல போட்டாங்க. அது பேப்பர்ல வந்திருக்கும் இல்ல?"

ஆஜா என்றால் அங்கே அப்பாவின் அப்பா. மொழி எதுவானாலும் இந்தியக் குடும்பங்களில் அதுதான் சொல். உட்காரச் சொன்னேன்.

அவள் சொன்னது இது. தாத்தா பெயர் பொன்னுசாமி. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்தவர். அவள் அப்பா ராமசாமி கைக்குழந்தையாக இருந்தபோது, சர்தார் ஒருவரின் கொலை வழக்கில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நம் ஊர்த் தோட்டங்களில் கங்காணி என்போமே, அவர்தான் அங்கே சர்தார். பிடித்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை. சில வருடங்களில் ராமசாமியின் அம்மா மங்கம்மாளும் விஷக்காய்ச்சலில் இறந்துபோனாள். கூடக் கப்பலில் வந்த ஒரு குடும்பம் பிள்ளையை எடுத்து வளர்த்தது. "உங்கப்பன் கோர்ட்டுக்குப் போனான், தூக்குல போட்டுட்டாங்க" என்று அவர்கள் சொன்னதுதான் அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலும், பிறகு கரும்பு ரயில் ஓட்டிய காலத்திலும், அவருக்குப் பின்னால் அந்தப் பேச்சு வந்துகொண்டே இருந்தது. பெண் கேட்டுப் போன இடங்களிலெல்லாம் அதுதான் முதலில் போய் நின்றது.

"இப்ப தம்பி கனடாவுல இருந்து பேப்பர் எல்லாம் அனுப்பிட்டான். எனக்கும் புள்ளங்களுக்கும் வீசா வந்தாச்சு, அப்பாவுக்கும் வந்தாச்சு. அவருதான் வரமாட்டேங்குறாரு."

"ஏன்?"

"அப்பன எங்க பொதச்சாங்கன்னு தெரியாம நா ஏரோப்ளேன் ஏற மாட்டேன்னு சவேனி வீட்டுலயே ஒக்காந்துட்டாரு. அவர வுட்டுட்டு நா எப்டிக்கா போவேன்? வீசாவுக்குத் தேதி இருக்கு. அது போச்சுன்னா எல்லாம் போச்சு."

அவள் குரலில் அழுகை இல்லை. வகுப்பில் பாடம் சொல்லும் குரல். ஆனால் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

முதல் செய்தி அன்றே அகப்பட்டது. முதல் உலகப்போருக்கு முந்தைய ஓர் ஆண்டின் தொகுதி. சவேனி அருகே உள்ள தோட்டத்தில் சர்தார் ஒருவர் கரும்பு வயலில் வெட்டுப்பட்டுக் கிடந்தார் என்றும், மதராசிக் கூலிகள் நால்வர் கைதானார்கள் என்றும் போட்டிருந்தது. நான்கு பெயர்களில் ஒன்று பொன்சாமி. சில வாரங்கள் தள்ளி இன்னொரு செய்தி, இரண்டே வரி: சுவாவில் நடந்த விசாரணையில் சர்தார் கொலைக் குற்றவாளிகள் இருவருக்குத் தூக்குத் தண்டனை, முழு விவரம் அடுத்த இதழில். அத்தோடு அந்தத் தொகுதி முடிந்துவிட்டது. அடுத்த தொகுதி கீழ்த்தளக் கிடங்கில் இருந்தது. கிடங்குக்காரர் அன்று வரவில்லை.

சரஸ்வதி இரண்டையும் படித்தாள். அவள் வந்தது எதற்காகவோ அது கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். குடும்பத்தில் சொல்லிவந்ததும் பத்திரிகையில் இருப்பதும் பொருந்திவிட்டன. தூக்கிலிடப்பட்டவர்களைச் சுவா சிறை வளாகத்திலேயே புதைத்திருப்பார்கள். அப்பாவிடம் போய் அதைச் சொன்னால் போதும்.

அவள் தலையை ஆட்டினாள். "புடிச்சது நாலு பேர. தூக்குல போட்டது ரெண்டு பேர. எந்த ரெண்டு பேருன்னு இதுல இல்லியே யக்கா."

"இல்லைதான்."

"அப்ப நா இன்னும் அவருகிட்ட ஒண்ணும் சொல்லமாட்டேன். எழுவது வருஷமா பாதிக் கதைய வெச்சிக்கினுதான் அவரு கஷ்டப்பட்டாரு. நானும் ஒரு பாதியக் கொண்டும்போய்க் குடுக்கணுமா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த தொகுதி மேலே வந்ததும் தொலைபேசியில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகு அந்த இரண்டு செய்திகளையும் எடுத்து மறுபடி படித்தேன். நாள் முழுக்கத் தொகுதிகளோடு குடியிருக்கிற எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. எழுபது வருட வேதனை கையில் இருக்கும்போது அவளுக்கு வந்தது. அந்த மாதிரி நேரத்தில் யாரும் ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டு ஓடத்தான் பார்ப்பார்கள்.

தொகுதி மேலே வருவதற்குள் இரண்டாவது கவிழ்ப்பு வந்துவிட்டது. இராணுவம் எங்கள் அலுவலகத்தைப் பூட்டி வாசலில் காவல் போட்டது. அச்சு இயந்திரம் ஓடவில்லை. நாங்கள் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். எப்போது திறப்பார்கள், திறப்பார்களா என்று யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் காலையில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டுப் போனால், சரஸ்வதி நிற்கிறாள்.

"வீசா தேதி வந்துருச்சுக்கா. நீங்க கூட வந்தா போதும். நா பேசுறேன்."

என் கணவர் வேண்டாம் என்றார். தெருவில் துப்பாக்கியோடு நிற்கிறார்கள், இந்த நேரத்தில் யாராவது போய்ப் பழைய பேப்பர் கேட்பார்களா என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை. ஆனால் அவளை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு என்னால் வேறு பதில் சொல்ல முடியவில்லை.

அலுவலக வாசலில் இருந்தவர் ஒரு சார்ஜென்ட். நரைக்க ஆரம்பித்த, பெரிய உடம்புக்காரர். எங்களைப் பார்த்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். பத்திரிகை மூடியிருக்கிறது, போங்கள் என்றார். சரஸ்வதி பிஜி மொழியில் வணக்கம் சொல்லிப் பேச ஆரம்பித்தாள். அவள் வளர்ந்த சவேனியில் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய மொழி. நிதானமாக, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, அந்த ஊர் மரியாதை தவறாமல் பேசினாள். எனக்கு ஒரே ஒரு சொல்தான் புரிந்தது. துகாங்கு. என் தாத்தா.

அவள் என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டேன். "நீங்க உங்க பேரு சொல்லும்போது தாத்தா கிராமம், அவரோட அப்பா கிராமம் எல்லாம் சொல்லுவீங்க. எங்க அப்பாவால சொல்ல முடியல. அது அந்த ரூமுக்குள்ள இருக்குது. நா நாட்ட வுட்டுப் போறதுக்கு முன்னாடி அத எடுத்துக்கினு போகணும்" என்று சொன்னாளாம்.

சார்ஜென்ட் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். எதையும் வெளியே எடுத்துப் போகக்கூடாது, தானும் கூட வருவேன் என்றார்.

கிடங்கில் இருந்த அந்தத் தொகுதியை மாடிக்குத் தூக்கி வந்தது அவர்தான். முதுகு பிரிந்திருந்ததால் பக்கங்கள் கழன்று விழப் பார்த்தன. துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் அட்டையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் பக்கங்களைப் புரட்டினேன். சரஸ்வதி எதிரே உட்கார்ந்திருந்தாள்.

கிடைத்தது. இரண்டு பத்தி நீளத்துக்கு நீதிமன்றச் செய்தி. எங்கள் அம்மாள் சொல்லித்தந்தபடி, முழுவதையும் முதலில் நான் படித்தேன். சரஸ்வதி ஒன்றும் கேட்காமல் என் கண் போகும் வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்ததும் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தேன். திருப்பி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். சார்ஜென்ட்டும் ஏனோ திரும்பி ஜன்னலையே பார்த்தார்.

பொன்னுசாமியைத் தூக்கில் போடவில்லை. அவர் குற்றவாளிக் கூண்டிலேயே ஏறவில்லை. கைதான நால்வரில் அவர்மேல் சாட்சியம் இல்லை என்று கீழ்க்கோர்ட்டு ஆரம்பத்திலேயே விடுதலை செய்துவிட்டது. அவர் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மூன்றாவதாகக் குற்றம் சாட்டப்பட்ட குப்பன் என்பவனுக்காகச் சாட்சி சொல்ல, சுவாவுக்கு வந்து நின்றிருக்கிறார். கொலை நடந்த சமயத்தில் குப்பன் தன்னோடு கிணற்றடியில் இருந்தான் என்றும், தண்ணீர் எடுக்க வந்த தன் மனைவி மங்கம்மாளும் அவனைப் பார்த்தாள் என்றும் மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்லியிருக்கிறார். சர்தார் பெண்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் சொல்லியிருக்கிறார். அரசு வழக்கறிஞர் அவரை மடக்கியிருக்கிறார்: இப்படிச் சொன்னால் உன் மேலேயே மறுபடி சந்தேகம் திரும்பும் என்று உனக்குத் தெரியுமா? அதற்குச் சாட்சி சொன்ன பதிலைப் பத்திரிகை அப்படியே போட்டிருந்தது. தெரியும். அவன் அங்கே இல்லை.

இருவருக்குத் தூக்கு. குப்பன் விடுதலை. கடைசி வரியில், தோட்ட நிர்வாகம் கேட்டுக்கொண்டதன்பேரில் சாட்சி பொன்சாமியை வனுவா லேவுத் தீவில் உள்ள லம்பாசா தோட்டங்களுக்கு மாற்ற உத்தரவாகியிருக்கிறது என்று இருந்தது. பெண்டாட்டி பிள்ளையை அனுப்பினார்களா என்று பத்திரிகை எழுதவில்லை. அனுப்பவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

சரஸ்வதி இரண்டு முறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சாட்சி சொல்லப் போயிருக்காரு யக்கா" என்றாள். அந்த முகத்தை நான் பார்த்துவிட்டேன். அந்த ஒரு தடவை அம்மாள் என்னை மன்னித்திருப்பார்.

நகலெடுக்கும் இயந்திரம் இருந்த அறை பூட்டியிருந்தது. நான் வாசிக்க அவள் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும் எனக்கு இன்னொன்று தோன்றியது. உலகப்போர் முடிந்த சமயத்தில் தீவுகளெல்லாம் விஷக்காய்ச்சல் பரவியது. மங்கம்மாள் போனதும் அதில்தான். லம்பாசாவிலும் பரவியிருக்கும். சார்ஜென்ட்டிடம் இன்னும் ஒரே ஒரு தொகுதி என்று கேட்டேன். அவரே போய் எடுத்து வந்தார்.

லம்பாசா நிருபர் எழுதியது அது. தோட்டத்துக் கூலி வீடுகளில் எழுந்து நடக்க ஆளில்லாமல் கிடந்த நாள்களில், பொன்சாமி என்ற மதராசி வீடு வீடாகத் தண்ணீரும் கஞ்சியும் கொண்டுபோனான், கடைசியில் அவனும் இறந்தான், சர்க்கரை ஆலைக்கு மேற்கே ஆற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள்.

சரஸ்வதியின் அப்பா கேட்ட கேள்விக்கு அச்சு அசலான பதில். புதைத்த இடம் உட்பட.

வெளியே வரும்போது சார்ஜென்ட் வாசல்வரை வந்தார். "போகத்தான் போகிறீர்களா?" என்று இந்த முறை ஆங்கிலத்தில் கேட்டார்.

"போகிறோம்" என்றாள் சரஸ்வதி.

"ஏன்?"

அவள் அவருடைய தோளில் மறுபடி ஏறியிருந்த துப்பாக்கியைப் பார்த்தாள். அவர் மறுபடி கேட்கவில்லை. பிறகு அவள், "வினாக்கா" என்று நன்றி சொல்லிக் கையை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்ல வேண்டியதற்கு நன்றி சொன்னாள். சொல்லாமல் விடக்கூடாததையும் கண்ணாலேயே சொல்லிவிட்டாள். வாசலில் நின்ற அந்தச் சில நொடிகளில் இரண்டையும் கலக்காமல் செய்ய எத்தனை பேரால் முடியும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

என் வீட்டிலிருந்து வான்கூவருக்குப் பேசினாள். தம்பி மறுமுனையில் சத்தமாகப் பேசியது எனக்கே கேட்டது. "அதான் கெடச்சாச்சே, லம்பாசா! அப்பாகிட்ட சொல்லிடு, பெட்டியக் கட்டு!"

அவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கேட்டாள். "யக்கா, ஆபீஸ்லேர்ந்து எழுதிக் குடுக்குறதா இருந்தா நீங்க என்னன்னு எழுதுவீங்க?"

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். உங்களிடமும் ஒருநாள் ஒருவர் இதைக் கேட்பார். விமானம் நிற்கிறது, வீசா முடியப்போகிறது, ஒரு வயதானவர் மனம் ஆறக் காத்திருக்கிறார். ஒரே ஒரு சொல்லை நீங்கள் அழுத்திச் சொன்னால் எல்லாம் நல்லபடி முடிந்துவிடும். நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கவும் கூடும். சுவா செய்தியில் சவேனித் தோட்டம் இருந்தது, மங்கம்மாள் பெயர் இருந்தது, சந்தேகமே இல்லை. லம்பாசா செய்தியில் பெயரைத் தவிர ஒன்றும் இல்லை. காளைக்குப் பரிசு வாங்கிய கிருஷ்ணசாமி என் கண்முன் வந்து நின்றார்.

"முதல் செய்தி உங்கள் தாத்தாதான். இரண்டாவது, அவராக இருக்கலாம். அவர்தான் என்று என்னால் எழுத முடியாது" என்றேன்.

சொல்லிவிட்டு அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ரிசீவரிலிருந்து கையை எடுத்தாள். "தம்பி, பொய் சொல்லி அவர ஏரோப்ளேன் ஏத்த மாட்டேன். இருக்குறத இருக்குறபடி சொல்றேன். அதுக்கும் அவரு வரலேன்னா நானும் இங்கதான்" என்று சொல்லி வைத்துவிட்டாள். கனடா வாழ்க்கை, பிள்ளைகளின் படிப்பு, இந்த ஊரில் அடுத்து என்ன நடக்குமோ என்ற பயம், எல்லாம் அந்த ஒரு பேச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியாதா என்ன?

பிறகு என்னையும் சவேனிக்கு வரச் சொன்னாள். "நா தனியாச் சொன்னா, கூட்டிப் பேசுறேன்னு நெனப்பாரு. நீங்க ஆபீஸ் ஆளு."

கடலைப் பார்த்த மர வீடு, தகரக் கூரை. நாங்கள் போனபோது ராமசாமி கொல்லையில் கத்தரி நாற்று நட்டுக்கொண்டிருந்தார். காய்ப்பதற்கு இன்னும் எத்தனையோ வாரம் ஆகும் நாற்றை, வீசா வந்த மனிதர் நட்டுக்கொண்டிருக்கிறார். சரஸ்வதி என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "பேட்டி, நீயும் ஒக்காரு" என்றார் என்னிடம். பேட்டி என்றால் மகள். சரஸ்வதி ஆங்கிலத்தில் எழுதி வந்ததை ஒவ்வொரு வரியாகப் படித்து அவருக்குச் சொன்னாள். பாதி அவர்கள் வீட்டு இந்தி, பாதி தமிழ். பெரியவர் குறுக்கே பேசவில்லை. சாட்சி சொன்ன இடம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். தீர்ப்புவரை கேட்டு முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி நாங்கள் எதிர்பார்த்தது அல்ல.

"அந்த ரெண்டு பேரு பேரு இன்னா?"

"யாருப்பா?"

"தூக்குல போட்டாங்களே, அவங்க."

சரஸ்வதி படித்தாள். அவர் இரண்டு பெயரையும் திரும்பச் சொன்னார். "அவங்களுக்கும் புள்ளங்க இருந்திருக்கும்" என்றார். எழுபது வருடம் அந்தப் பேச்சைச் சுமந்தவர், அது தன்னை விட்டு இறங்கிய அந்தக் கணத்தில், அது உண்மையிலேயே யாருக்கு உரியதோ அவர்களை நினைத்தார். நான் என் வேலைக்காலம் முழுக்க எத்தனையோ பேருக்கு எத்தனையோ செய்திகளைக் கொடுத்திருக்கிறேன். அப்படி ஒரு வார்த்தையை வேறு யாரும் சொல்லக் கேட்டதில்லை.

அடுத்து லம்பாசா. சரஸ்வதி படித்துவிட்டு, "இது ஆஜாவா இருக்கலாம்ப்பா. இல்லாமலும் இருக்கலாம். பேரு மட்டுந்தான் ஒண்ணு. அக்காவும் அதான் சொன்னாங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையசைத்தேன்.

பிறகு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பேட்டி, நீ மதராஸ்தானே?"

"மதுரை, அய்யா."

"எங்கப்பன் கோர்ட்டுல சொன்னத இங்கிலீஸ்ல எழுதி வெச்சிட்டான். அவரு இங்கிலீஸா பேசியிருப்பாரு? நம்ம பேச்சுல சொல்லு, கேக்குறேன்."

மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலமாக்கியதை மறுபடி தமிழாக்க வேண்டும். நான் யோசித்து, என் ஊர்ப் பேச்சில் சொன்னேன். "தெரியுங்க தொரை. அவன் அங்க இல்ல. என்கூட கிணத்துப் பக்கத்துல இருந்தான்."

அவர் தலையை ஆட்டினார். "கெணத்துப் பக்கத்துல இல்ல. கெணத்தாண்ட. எங்கம்மா அப்டித்தாஞ் சொல்லும். கெணத்தாண்ட போவாதடான்னு." நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரே யாரோ நிற்பதுபோலப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். "தெரியும் தொரே. அவன் அங்காண்ட இல்ல. எங்கூட கெணத்தாண்ட இருந்தான்."

பிறகு இன்னொரு முறை சொன்னார். இந்த முறை சத்தமாக.

கொல்லையில் கோழி கிளறும் சத்தம் மட்டும் கேட்டது.

உங்களுக்குச் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். பெயர் கிடைத்ததும் கையை எடுத்துவிடாதீர்கள்; அடுத்த இதழையும் பிரியுங்கள். பத்திரிகை ஒருவனைக் கைது செய்வதைப் பெரிய எழுத்திலும், விடுவிப்பதை உள்பக்கத்திலும் போடும். தெரியாததைத் தெரியாது என்று எழுதிக் கொடுங்கள். கேட்பவர்களுக்கு அதைத் தாங்கும் தெம்பு இருக்குமா என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். நான் பார்த்த அளவில், பெரும்பாலும் இருக்கிறது.

அன்று சவேனியில், சாயந்திர பஸ்ஸுக்கு நான் எழுந்தேன். பெரியவர் வாசல்வரை வந்தார். கடல் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, மகள் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"சரசு, அந்த வான்கூவர்ல குளிரு ரொம்பவா? ஸ்வெட்டரு இங்கியே வாங்கிக்கினும் போவணுமா, அங்க கெடைக்குமா?"

அவர் வாயால் அந்த ஊரின் பெயர் வந்து அவள் காதில் விழுந்தது அதுதான் முதல் முறை. சரஸ்வதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

"அங்கேயே நல்லதாகக் கிடைக்கும், அய்யா" என்று நான்தான் சொன்னேன்.